தொட்டுத் தொட்டுப் பார்க்காதே

பேருந்து நிலையத்தில் எனக்கு விசாரணை ஜன்னல். பக்கத்து நாற்காலி மைக் அக்காவுடையது. இருவருக்கும் ஒரே கண்ணாடி அறை, ஒரே மின்விசிறி. தலைக்கு மேல் அத்தனை பெரிய பலகை தொங்கும்போதே "இந்த பஸ் எங்க நிக்கும்?" என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்லிச் சொல்லி என் பொறுமை எப்போதோ போய்விட்டது. அக்காவுக்குப் போனது தொண்டை. வெந்நீர் பிளாஸ்கை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு பேருந்தாகக் கூப்பிடுவாள். நடுநடுவே, "திருடர்கள் ஜாக்கிரதை. உங்கள் உடைமைகளைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள்." வருஷக்கணக்காக அதே வாக்கியம். அவள் வாயில் ஜாக்கிரதை என்ற சொல்லே தூங்கி வழியும்.

அந்த வாக்கியத்தைக் கண்டாலே அவளுக்கு எரிச்சல். ஏன் என்று ஒரு நாள் எனக்குக் காட்டினாள்.

"நான் படிக்கறேன். நீ ஆளுங்க கைய மட்டும் பாரு."

படித்தாள். ஒருவர் இடுப்பைத் தொட்டார். ஒரு அம்மா கழுத்தைத் தடவினாள். ஒருவன் பின்பாக்கெட்டைத் தட்டிப் பார்த்தான். தூணோரம் நின்ற கோடு போட்ட சட்டைக்காரன் மட்டும் எதையும் தொடவில்லை. மற்றவர்களின் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"பாத்தியா? எது எங்க இருக்குன்னு நானே அவனுக்குக் கூவிக் காட்டறேன். தினமும் இதே பொழப்பு."

மேலாளரிடம் போய்ச் சொன்னோம். "எழுதியிருக்கறதப் படிம்மா. உன் புத்திசாலித்தனத்த வீட்டோட வச்சுக்க" என்றார். அந்த மனுஷனோடு பேசுவதற்குச் சுவரில் போய் முட்டிக்கொள்ளலாம்.

அக்காவுக்கு இருப்பது ஒரே தம்பி. தாயில்லாப் பிள்ளை, இவள் இடுப்பிலேயே வளர்ந்தவன். சின்ன வயதில் நடக்காமல் தத்தித் தத்தியே திரிந்ததால் வீட்டில் அவனுக்குத் தவளை என்று பேர். கப்பல் வேலைக்கு இரண்டு தடவை முயன்று, இரண்டும் கடைசி நேரத்தில் கைநழுவிப் போயின. இந்தத் தடவை கிடைத்துவிட்டது. இதுவும் தவறினால் வயது வரம்பு தாண்டிவிடும், அப்புறம் கப்பலை மறந்துவிட வேண்டியதுதான்.

கிளம்புகிற நாள் மதியம் விமான நிலையத்துக்குப் போகிற பேருந்தை அவன் எங்கள் நிலையத்தில்தான் பிடிக்க வேண்டும். ஒரு வாரமாக அக்கா அவனை உட்காரவிடவில்லை.

"பைய முன்னால மாட்டு. முன்னப்பின்ன தெரியாதவன் குடுத்தா எதையும் வாங்கித் தின்னாத. பஸ்ல தூங்காத. பாஸ்போர்ட்ட தொட்டுத் தொட்டுப் பாக்காத."

"போதும்கா, பிளேடு போடாத" என்று சிரித்தானாம்.

வந்தான். பையை முன்னால் மாட்டிக்கொண்டு, கண்ணாடிக்கு வெளியே பல்லைக் காட்டிக்கொண்டு நின்றான். அக்காவும் சிரித்தாள், அபூர்வமாக. அந்த நேரம் பார்த்து மேலாளர் போனில் கத்தினார், கூட்டம் நெரிகிறது, ஜாக்கிரதை படிக்கவில்லையா என்று. பழக்க தோஷம், அக்கா படித்துவிட்டாள்.

தம்பியின் கை பையின் ஜிப்புக்குப் போனது. வீட்டில் சொன்னதெல்லாம் காற்றோடு போய்விட்டது. அக்கா குரல் காதில் விழுந்தால் உடனே செய்துவிடுகிற பிள்ளை அவன்.

அன்றும் தூணோரம் நின்றிருந்த அதே கோடு போட்ட சட்டை நகர்ந்தது. பேருந்து வந்து நின்றதும் ஜனம் முண்டியடித்தது. தம்பிக்குப் பக்கத்தில், அவனை உரசிக்கொண்டு, அந்தச் சட்டை. நான் கண்ணாடியைத் தட்டினேன். யாருக்குக் கேட்கும்? ஓடிப்போய்ச் சேர நேரமில்லை. அக்கா மைக்கை இழுத்தாள்.

"டேய் தவளை! பையப் பாருடா! பக்கத்துல கோடு போட்ட சட்டை!"

நிலையமே திரும்பிப் பார்த்தது. பிறகு சிரித்தது. கோடு போட்ட சட்டைக்காரர்கள் நாலைந்து பேர் பேந்தப் பேந்த விழித்தார்கள். தூணோரத்து ஆள் மட்டும் மாயமாகிவிட்டான். தம்பி முகம் கறுத்துப்போய் பேருந்தில் ஏறினான். எங்கள் பக்கம் திரும்பவேயில்லை.

மேலாளர் மூச்சிரைக்க வந்தார். "இது என்ன உங்க வீட்டு அடுப்பங்கரையா? நாளைலேருந்து பதிவு பண்ணின குரலப் போட்டுக்கறேன், போ!"

"போடுங்க சார். அதுக்காவது தொண்டை வலிக்காது."

அவர் போனதும் முகத்தைப் பொத்திக்கொண்டாள். "கோவிச்சுட்டுப் போயிட்டான்டி. எப்ப வருவானோ, திரும்பிக்கூடப் பாக்கல." ஜன்னலில் ஒருவர் பேருந்து எங்கே நிற்கும் என்று கேட்டார். எரிந்து விழுந்தேன்.

சாயங்காலம் போன் வந்தது. நான்தான் எடுத்து ஸ்பீக்கரில் போட்டேன்.

"அக்கா... பைல பிளேடு போட்டிருக்கான். ஜிப்புக்குக் கீழ நீளமா கிழிஞ்சிருக்கு."

"ஐயோ! பாஸ்போர்ட்டு?"

"இருக்குக்கா. பாதி வெளில வந்து நின்னுச்சு. நீ மட்டும் கத்தலன்னா..." அவனுக்குக் குரல் உடைந்தது. "சட்டைக்குள்ள வச்சு பட்டன் போட்டுட்டேன்."

அக்கா கண்ணைத் துடைத்தாள். பிளாஸ்கில் கடைசியாக இருந்த வெந்நீரைக் குடித்தாள்.

"இப்ப உன் கை எங்கடா இருக்கு?"

"சட்டை மேல."

"எடுடா."