கதவில் போட்ட நம்பர்

1. வேலை

அறுபதுகளின் நடுவில் பம்பாயில் ஒரு பல்கலைக்கழகத் துறையில் ஃபீல்ட் இன்வெஸ்டிகேட்டராகச் சேர்ந்தேன். பெயர்தான் பெரிது. வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்டு எழுதிவரும் வேலை. சட்டம், அரசியல், ஜனநாயகம் மூன்றுக்கும் என்ன உறவு என்பது ஆய்வு. குடிசைக்குப் பட்டா கிடையாது, ஆனால் குடிசைக்காரருக்கு ஓட்டு உண்டு. அப்படிப்பட்டவர் சட்டத்தை நம்புகிறாரா என்று எங்கள் புரொபசருக்குத் தெரிய வேண்டும். எனக்குத் தாராவியை ஒட்டி, படித்த தமிழர்கள் நிறைந்த மாட்டுங்காவில் வீடு, எம்.ஏ. படிப்பு, தமிழ் தெரியும். தாராவி என் தலையில் விழுந்தது.

இப்போது இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகள் என்னிடம் யோசனை கேட்கிறார்கள். முதலில் நல்ல செருப்பாக வாங்கிக்கொள்ளுங்கள் என்பேன். அதற்குமேல் சொல்ல எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்.

2. நம்பர்

ஐந்து குடிசைக்கு ஒன்று என்று சாம்பிள். ஆறு மாதம் கழித்து அதே வீட்டுக்குத் திரும்ப வர வேண்டியிருக்கும் என்பதால், கேள்வி கேட்டு முடித்ததும் கதவில் வெள்ளை பெயிண்டால் ஒரு நம்பர் போட வேண்டும். பெயிண்ட் டப்பாவும் நானேதான் தூக்கினேன்.

அப்படி நம்பர் விழுந்த வீடுகளில் ஒன்று இசக்கியம்மாளுடையது. திருநெல்வேலிப் பக்கம். கணவர் விக்ரோலியில் ஒரு ஃபேக்டரியில் ஹெல்பர். இசக்கியம்மாள் வீட்டிலேயே வெல்லப் பாகு காய்ச்சிக் கடலை மிட்டாய் போட்டுக் கடைகளுக்குக் கொடுத்துவந்தார். சட்டத்தின்மேல் நம்பிக்கை உண்டா என்று கேட்டேன். பாகைக் கிளறிக்கொண்டே, "ரொம்ப இருக்குன்னு எழுதுங்க டீச்சர்" என்றார். நான் டீச்சர் இல்லை என்று சொல்லிச் சொல்லி அலுத்துப்போயிருந்தேன்.

மறுநாள் பக்கத்துக் குடிசை ஞானம் வழிமறித்தார். "அவ வீட்டுக்கு மட்டும் நம்பரு போட்டிருக்கிய. எங்க வீடு என்ன பாவம் பண்ணிச்சு? எனக்கும் ஒண்ணு போட்டுட்டுப் போங்க!"

அப்போதுதான் விஷயம் புரிந்தது. கதவில் பெயிண்டில் நம்பர் என்றால் அது சர்க்கார் நம்பர். நம்பர் விழுந்த குடிசை பக்கா. இனி யாரும் இடிக்க முடியாது. சந்து முழுக்க இதே பேச்சு.

"நாங்க யுனிவர்சிட்டி, அக்கா. முனிசிபாலிட்டி இல்லை. இந்த நம்பருக்கு ஒரு மதிப்பும் கிடையாது" என்று தொண்டை வறளச் சொன்னேன். இசக்கியம்மாள் சிரித்தார்.

"அப்படித்தான் சொல்லச் சொல்லியிருப்பாவ. இல்லன்னா எல்லாவளும் வந்து கேப்பாள்லா."

புரொபசரிடம் போய்ச் சொன்னேன். அவரும் மாட்டுங்காக்காரர்தான், கெட்டவர் இல்லை. "நீதான் விளக்கிட்டியே, அப்புறம் என்ன? நம்பர் இல்லாம அந்த வீட்டை மறுபடி எப்படிக் கண்டுபிடிப்பே? மெத்தடாலஜின்னு ஒண்ணு இருக்கும்மா."

நான் போய் சாம்பிளில் மிச்சமிருந்த வீடுகளுக்கும் நம்பர் போட்டேன். வேலை அதுதானே.

3. பத்ரா

அந்தச் சந்தில் ஒரு வழக்கம் உண்டு. இடிக்கிற முனிசிபல் வண்டி வருகிறது என்று சேதி வந்தால், யாரும் காத்திருக்க மாட்டார்கள். தங்கள் கூரையைத் தாங்களே பிரித்துவிடுவார்கள். தகரத்துக்கு அங்கே பத்ரா என்று பெயர். பத்ராவையும் மூங்கிலையும் எதிர்ச் சந்தில் அடுக்கிவிட்டு அதன்மேல் உட்கார்ந்துகொள்வார்கள். வண்டி வந்து வெறும் மண்ணைப் பார்த்துவிட்டுப் போகும். சாயங்காலம் மறுபடி கூரை ஏறும். முனிசிபாலிட்டி ஆட்கள் கையால் பிரித்தால்தான் ஆபத்து. பத்ரா அவர்கள் லாரியில் போய்விடும்.

மே கடைசியில் வண்டி வந்தது. நான் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. ஞானமும் மற்றவர்களும் வழக்கம்போல் பிரித்துத் தப்பியிருந்தார்கள். நம்பர் போட்ட வீட்டுக்காரர்கள் மட்டும் பிரிக்கவில்லை. கதவைச் சாத்தி, நம்பர் வெளியே நன்றாகத் தெரிய, உள்ளே உட்கார்ந்திருந்தார்கள். ஐந்துக்கு ஒன்று என்று நாங்கள் பொறுக்கியெடுத்த அதே வீடுகள் கூரையோடு போயின.

இசக்கியம்மாளின் பாகுச் சட்டி மண்ணில் கவிழ்ந்து கிடந்தது. அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். "நம்பரைக் காட்டினேன் டீச்சர். அவனுக்குப் படிக்கத் தெரியல போல" என்றார். நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

ஒரு வாரத்தில் மழை பிடித்துவிடும். மழையில் கூரை இல்லாவிட்டால் அடுப்பு இல்லை, மிட்டாய் இல்லை, பிழைப்பு இல்லை. தன் பத்ராவில் இரண்டைக் கழற்றிக் கொடுத்தவர் ஞானம். "நல்ல வேள, எனக்கு நம்பர் போடல நீங்க" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். குத்தலாகச் சொல்லவில்லை. நிஜமாகவே நிம்மதியாகச் சொன்னார்.

4. மறுபடியும் அதே கேள்வி

புரொபசர் விஷயத்தைக் கேட்டு வருத்தப்பட்டார். பிறகு நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஆறு மாசம் காத்திருக்க வேண்டாம். இடிக்கறதுக்கு முன்னாடி ஒரு பதில், பின்னாடி ஒரு பதில். இந்த மாதிரி டேட்டா யாருக்குக் கிடைக்கும்? அதே வீடு, அதே கேள்வி. நாளைக்கே போ."

போனேன். இரண்டு தகரத்துக்குக் கீழே சாக்குப் படுதா கட்டி இசக்கியம்மாள் பாகு காய்ச்சிக்கொண்டிருந்தார். மழை தூறிக்கொண்டிருந்தது. கேட்க வாய் வரவில்லை. கேட்டேன்.

"சட்டத்து மேல நம்பிக்கை இருக்கா அக்கா?"

கரண்டியை நிறுத்தினார். "போன தடவ என்ன எழுதினிய?"

"ரொம்ப இருக்குன்னு."

"அதையே எழுதுங்க. மாத்திச் சொன்னா லாரில கொண்டுபோன பத்ராவத் திருப்பித் தர மாட்டாவ."

அதையே எழுதினேன். பக்கத்தில் காரணத்தையும் எழுதினேன். புரொபசர் படித்துவிட்டு, காரணத்துக்கு டேபிளில் கட்டம் இல்லை என்றார். அறிக்கை வந்தது. வீடு இழந்த பிறகும் ஏழை மக்களுக்குச் சட்டத்தின்மேல் உள்ள நம்பிக்கை குறையவில்லை என்று அதில் ஒரு வரி. அந்த வரியை நிறைய பேர் பாராட்டினார்கள். பத்ரா மட்டும் கடைசிவரை திரும்ப வரவில்லை.

அதன்பிறகு ரிட்டையர் ஆகும்வரை எத்தனையோ சர்வே. சந்துக்கு மேப் வரைந்துகொண்டேன், எந்தக் கதவிலும் பெயிண்ட் வைக்கவில்லை. முதல் கேள்வியாக, தாளில் இல்லாத ஒரு கேள்வியைக் கேட்டேன். பிள்ளைகளுக்கும் அதைத்தான் சொல்கிறேன். சட்டம், ஓட்டு, ஜனநாயகம் எல்லாம் பிறகு கேட்கலாம். போனதும் இதைக் கேளுங்கள், பதில் வரும்வரை பேனாவைத் திறக்காதீர்கள்:

"என்னை யாருன்னு நினைச்சு இதெல்லாம் சொல்றீங்க?"