கடைசி வயலுக்கு எழுபது நிமிடம்

நெதர்லாந்தில் "வயலுக்குத் தண்ணீர் வந்துவிட்டது" என்று சொன்னால், கேட்பவர் முகம் சுருங்கிவிடும். நாட்டில் கால் பங்கு கடல்மட்டத்துக்குக் கீழே கிடக்கிறது. தண்ணீரை வெளியே தள்ள இரவும் பகலும் மோட்டார் ஓடுகிறது. நானோ ஒரத்தநாட்டுக்குப் பக்கத்தில், வாய்க்காலில் தண்ணீர் எப்போது வரும் என்று கழுத்து நோகப் பார்த்து வளர்ந்தவன். பக்கத்து வீட்டு மரீகாவிடம் ஒருமுறை, எங்கள் ஊரில் தண்ணீருக்கு முறைப்பட்டியல் போட ஒரு கணினி நிரல் எழுதியிருக்கிறேன் என்று பெருமையடித்தேன். "நல்ல காரியம். யார் வயலிலிருந்து முதலில் வெளியேற்றுவீர்கள்?" என்று கேட்டார். விளக்கப் பார்த்துத் தோற்றேன். ஊரிலிருந்து படிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள்.

கல்லூரி முடித்த கையோடு எழுதிய நிரல் அது. எங்கள் கிளை வாய்க்காலில் நூற்றுப் பத்து மா நிலம். மூன்று மா ஓர் ஏக்கர். முறை வந்தால் ஒன்றரை நாள் தண்ணீர். அதை மாவுக்கு இத்தனை நிமிடம் என்று வகுத்து, யார் எப்போது மடை திறப்பது என்று பட்டியல் போடும். இன்று எங்கள் வயலைப் பார்ப்பவள் அக்கா மல்லிகா. பட்டியலை வாட்ஸ்அப் குழுவில் போடுபவளும் அவளே. போன மாதம் பழைய லேப்டாப் உயிரை விட, புதிது வாங்கினாள். அதில் பைதான் என்ற நிரல்மொழியின் மூன்றாம் பதிப்பு இருந்தது; என் நிரலுக்குத் தெரிந்ததோ இரண்டாம் பதிப்பு மட்டும். ஓடமாட்டேன் என்று அடம்பிடித்தது. இங்கிருந்தே சில வரிகளைத் திருத்தி ஓடவைத்துவிட்டுக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன்.

அடுத்த முறை முடிந்ததும் காதர் பாய் போனில் கூப்பிட்டார். சார்ஜாவில் கடை வைத்திருந்து ஊர் திரும்பியவர். வாய்க்காலின் கடைசி வயலைக் குத்தகைக்கு எடுத்துச் செய்கிறார்.

"தம்பி, கோவிச்சுக்காதீங்க. புது லிஸ்ட்டுல என் வயலுக்குத் தண்ணி பத்தலை. நட்டு பத்து நாளுதான் ஆவுது, பாதி வயல் வெடிச்சுக் கெடக்கு. அடுத்த முறையும் இப்படின்னா பயிர் போயிடும். முன்னாடி எனக்குக் கொஞ்சம் கூடப் போட்டு வச்சிருந்தீங்களே, அதை ஏன் எடுத்துட்டீங்க?"

நான் அப்படி எதையும் போட்டதில்லை. நிரலைத் திறந்து பார்த்தபோதுதான் புரிந்தது. பழைய பதிப்பு முழு எண்களை வகுத்தால் மிச்சத்தைக் கண்டுகொள்ளாது. மாவுக்குப் பத்தொன்பதரை நிமிடத்துக்கும் மேல் வர வேண்டிய இடத்தில் பத்தொன்பது என்றே போட்டது. எல்லாரிடமும் நறுக்கிய துண்டுகள் சேர்ந்து எழுபது நிமிடம். மதகு மூடும்வரை அது கடைசி வயலில் பாய்ந்தது. அவ்வளவு தூரம் வரும் தண்ணீரை வழியிலேயே மண் குடித்துவிடும். அந்த நஷ்டத்தை எழுபது நிமிடம் ஈடுகட்டியிருக்கிறது. புதிய பதிப்பு புள்ளி பிசகாமல் வகுத்தது, மிச்சமே இல்லை. இத்தனை வருடமாக ஊர் அதை என் நல்ல மனசு என்று நம்பியிருக்கிறது! வெட்கமாக இருந்தது. பாயிடம் உண்மையைச் சொன்னேன்.

"யாரு போட்டா என்னங்க தம்பி, தண்ணி வந்துச்சுல்ல. அதையே திருப்பி வைங்க," என்றார்.

அடுத்த முறைக்கு இரண்டே நாள். சனிக்கிழமை காலை, அக்காவின் திரையை இங்கிருந்து பார்த்தபடி உட்கார்ந்தேன். வகுத்தல் குறிகளை மட்டும் திருத்தலாம்தான். ஆனால் எங்கெங்கே வகுத்தேன் என்பது எழுதியவனுக்கே மறந்துபோயிருந்தது. பைதானின் பழைய பதிப்பையே புதியதற்குப் பக்கத்தில் நிறுவச் சொன்னேன்.

"இதுக்கு இனிமே சப்போர்ட் கெடையாதுன்னு வருதுடா."

"வந்தா வரட்டும்க்கா, தள்ளிட்டுப் போ."

'வாய்க்கால்' என்ற கோப்புறைக்குள், திருத்தாத பழைய நிரலோடு, ஒரே வரியில் பதிப்பு எண்ணை எழுதி வைத்தோம். அதற்குள் நுழைந்தால் பழையது ஓடும். வெளியே வந்தால் புதியது. ஒரே கணினியில் இரண்டும் சண்டையில்லாமல் இருக்கும். "பாய் முறை முடிஞ்சும் மதகு மூட எழுபது நிமிஷம் நிக்குது. அது பாய்க்கே போகட்டும்னு மத்தவங்களும் சரின்னுட்டாங்க," என்றாள் அக்கா. என் கணினியிலும் அதே ஏற்பாட்டைச் செய்துகொண்டேன்.

முறை முடிந்த அன்று மரீகாவோடு கால்வாய்க் கரையில் நடந்துகொண்டிருந்தபோது பாய் படம் அனுப்பினார். நாற்றுகளின் காலடியெல்லாம் தண்ணீர். நடுவில் கைலியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு அவர். மரீகா எட்டிப் பார்த்துப் பதறினார்.

"ஐயோ, வயல் முழுக்கத் தண்ணீரா?"

"முழுக்க," என்றேன்.

என் தோளில் கை வைத்து, "கவலைப்படாதே, வடிந்துவிடும்," என்றார். எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் நிறைந்தது. நன்றி சொன்னேன். எதிரே மோட்டார் தண்ணீரைக் கடலை நோக்கித் தள்ளிக்கொண்டிருந்தது. எத்தனை மாவுக்குப் பாயும் என்று மனம் வகுத்துப் பார்த்தது, பழைய பதிப்பில்.