புலிக்குப் பின்காலில் நாலு நகம்

வெள்ளிக்கிழமை பின்னேரம் தம்பி ரூபன் வேலைத்தலத்திலிருந்து போன் எடுத்தான். "அக்கா, புலி வந்திட்டுது. நாளைக்குப் பாக்க வாறியளோ?"

பிள்ளை பார்க்க ஊரிலிருந்து கனடாவுக்கு வந்து அவன் வீட்டில் நின்றிருந்தேன். போனில் அந்தச் சொல்லை உச்சரிக்காமலே யாழ்ப்பாணத்தில் காலம் தள்ளியவள் நான். "எடேய், போனை வை!" என்று கத்திவிட்டேன். அவன் விழுந்து விழுந்து சிரித்தான். வந்தது நாலுகால் புலிதான். மேற்கே மலைக்காட்டில் யாரோ ஒருவர் வேட்டையாடிய மலைச்சிங்கம். எங்கள் வாய்க்கு அதுவும் புலி.

ஒஷாவாவுக்கு வடக்கே, வேட்டை மிருகங்களைப் பாடம் பண்ணும் பட்டறையில் ரூபனுக்கு வேலை. அவனுடைய வதிவிட விண்ணப்பம் அந்த வேலையை நம்பித்தான் இருக்கிறது. வேலை போனால் கனடாவும் போச்சு.

சனிக்கிழமை காலை எட்டு மணி. ஸ்காபரோவில், வெக்ஸ்போர்ட் வீட்டு வாசலில் ரூபன் சப்பாத்துப் போடும்போது அவன் மனைவி சுதா மெல்லக் கேட்டாள். "இஞ்சேருங்கோ, ஒரேயொரு நகம். பிள்ளையின்ர பஞ்சாயுதத்திலை பதிக்க. இத்தனை நகத்திலை ஒண்டு குறைஞ்சா ஆருக்குத் தெரியப் போகுது?"

இரண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்த பிறகு கிடைத்த பிள்ளை இது. வருகிற கிழமை முப்பத்தொன்று, துடக்குக் கழிக்கும் முப்பத்தோராம் நாள்; அன்றுதான் பிள்ளையின் கழுத்தில் பஞ்சாயுதப் பதக்கம் போடுவது. கழுத்தில் புலிநகம் கிடந்தால் ஒன்றும் அண்டாது என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. ரூபன் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

401 நெடுஞ்சாலையில் ஒஷாவா ஏறக்குறைய ஐம்பது கிலோமீற்றர். வழியில் இரண்டு டொலருக்கு ஒரு கோப்பி; வாய் சுட்டதுதான் மிச்சம். ஒஷாவாவைத் தாண்டியதும் உழுத வயல்களில் பழைய பனி திட்டுத் திட்டாகக் கிடந்தது. பட்டறை ஒரு தகரக் கொட்டகை. உள்ளே உப்பு வாடை குப்பென்று அடித்தது.

மேசையில் தோல் மட்டும் விரிந்திருந்தது. தலையும் நாலு பாதங்களும் அதோடு இருந்தன. "உடம்பு எங்கையடா?" என்று கேட்டேன்.

"அது இஞ்ச வாறேல்லை அக்கா. சிலபேர் இறைச்சியைச் சாப்பிடுவினம். விட்டிட்டு வந்தால் காட்டிலையே நரியும் காகமும் பாக்கும்."

மண்டையோட்டை வண்டுகள் நிறைந்த பெட்டியில் வைத்தால் சதையை அவை தின்று துப்புரவாக்கிவிடுமாம். தோலை உப்பிட்டுப் பதனிட்டு, நுரையில் செய்த உடம்பின்மேல் போர்த்துவார்களாம். கண் கண்ணாடி. நாக்கு பிளாஸ்டிக். உடைந்த நகத்துக்குப் பதில் அச்சில் வார்த்த நகம். அதன் ஓரத்தில் ஒரு மெல்லிய கோடு இருப்பதைக் காட்டினான். "அக்கா, வேட்டைக்காரர் வந்தால் முதல் எண்ணிறது நகத்தைத்தான். போன வருசம் நகம் எடுத்த ஒருத்தனை அதுக்குத்தான் வேலையாலை நிப்பாட்டினவை."

அவன் அந்தப் பக்கம் போனதும் நானும் எண்ணினேன். முன்பாதத்தில் ஐந்து. பின்பாதத்தில் நாலு! ரூபன் திரும்பி வந்தபோது அவன் கை ஜக்கெற் பொக்கற்றுக்குள் இருந்தது. பட்டறை முதலாளி அவன் முதுகில் தட்டி விடைகொடுத்தார்.

திரும்பும் வழியெல்லாம் என் கண் அந்தப் பொக்கற்றிலேயே இருந்தது. ஸ்காபரோ எல்லையில் பின்னால் பொலிஸ் வாகனம் விளக்கைப் போட்டுக்கொண்டு வந்தது. ரூபன் ஓரம் கட்டினான். சிவசிவா, என் தம்பி கெட்டான் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அது எங்களைக் கடந்து பறந்தது.

"எடுடா அதை வெளியிலை!" என்று வெடித்தேன். "பின்காலிலை ஒண்டு குறையுது. நான் எண்ணினன்!"

அவன் என்னை விசித்திரமாகப் பார்த்தான். "அக்கா, பூனைச் சாதிக்குப் பின்காலிலை நாலுதான். ஊரிலை எங்கட வீட்டுப் பூனையை நீங்கள் ஒருநாளும் பாக்கேல்லையோ?" பொக்கற்றிலிருந்து ஒரு நகத்தை எடுத்து என் கையில் வைத்தான். ஓரத்தில் கோடு இருந்தது. "முதலாளியிட்டைக் கேட்டு வாங்கினது. சுதாவுக்குச் சொல்லிப்போடாதேங்கோ, மனம் உடைஞ்சுபோவாள்."

எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. அவன் தோளில் ஒன்று போட்டேன்.

முப்பத்தொன்றுக்கு வந்த சனமெல்லாம் நகத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தது. நான் பொய்யை விழுங்கிக்கொண்டு பாயசம் குடித்தேன்.

நான் ஊருக்குப் புறப்பட்ட நாள் ரூபன் பெட்டிகளைக் காரில் ஏற்றிக்கொண்டிருந்தான். சுதா பிள்ளையை என் மடியில் கிடத்தினாள். பஞ்சாயுதத்தைத் திருப்பி, நகத்தின் ஓரத்தை விரலால் தடவினாள்.

"மச்சாள், உதிலை ஒரு கோடு இருக்கு. பிளாஸ்டிக்."

நான் வாசல் பக்கம் எட்டிப் பார்த்தேன்; ரூபன் இன்னும் காரடியில்தான் நின்றான்.

"வாய்தவறிக் கேட்டிட்டன். அண்டு முழுக்க, இவர் உண்மையிலையே எடுத்திடுவாரோ எண்டு செத்துச் செத்துப் பிழைச்சனான். உந்தக் கோட்டைக் கண்டாப்பிறகுதான் எனக்கு உயிர் வந்தது." பிள்ளையின் சட்டைக்குள் நகத்தை மெல்லச் செருகினாள். "அவருக்குச் சொல்லிப்போடாதேங்கோ. பாவம், மனம் உடைஞ்சுபோவார்."