பௌதிக டீச்சருக்கு வந்த கேசட்

சோதனைச்சாலை இல்லாத இடத்தில் பௌதிகம் எடுப்பவருக்கு சினிமா கொட்டகைதான் சோதனைச்சாலை. எண்பதுகளின் தொடக்கத்தில் கொச்சி மட்டாஞ்சேரியில், ஒரு சுக்குக் கிடங்கின் மாடியில் நடந்த டுடோரியல் காலேஜில் நான் அப்படித்தான் காலம் தள்ளினேன். பள்ளி முடித்துப் படிக்கும் பிரீடிகிரியில் தோற்று மறுபடி எழுதுகிறவர்களுக்குக் காலை ஏழு மணி வகுப்பு. பாதிப் பேர் அங்கிருந்து நேரே வேலைக்குப் போகிறவர்கள், என் வயதுக்காரர்களும் உண்டு. ஒரு கரும்பலகை, அரைப் பெட்டி சாக்பீஸ், கீழேயிருந்து ஏறி வரும் சுக்கு நெடி. இவ்வளவுதான் எங்கள் உபகரணங்கள். வாயு பரவுதலை மட்டும் நான் விளக்கியதே இல்லை, எல்லாரும் தும்மி முடித்தால் பாடம் முடிந்துவிடும். இதே பாடு பட்ட சக ஆசிரியர்கள் இதைப் படித்தால், தயவுசெய்து சிரிக்காமல் தலையை மட்டும் ஆட்டுங்கள்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். என் கணவர் அப்போது ஷார்ஜாவில் ஏ.சி. ரிப்பேர் வேலையில் இருந்தார். போய் மூன்று வருஷம் ஆகியிருந்தது. கல்யாணமாகி நாங்கள் சேர்ந்து இருந்தது ஏழே மாதம்.

ஒரு குத்து, ஒன்பது பேர்

அந்த வாரம் ஓடிய படத்தில் கதாநாயகன் விட்ட ஒரு குத்தில் ஒன்பது அடியாட்கள் பறந்து போய் வைக்கோல் போரில் விழுந்தார்கள். எனக்கு அல்வா சாப்பிட்ட மாதிரி ஆயிற்று. ஒவ்வொரு விசைக்கும் சமமான எதிர்விசை உண்டு, அந்த ஒன்பது பேரும் அத்தனை வேகத்தில் போனால் குத்தியவர் பின்னால் பறந்து கொட்டகைச் சுவரையே உடைத்திருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டுக் காட்டினேன்.

அரிசிக் கிடங்கில் வேலை பார்த்த முருகேசன் கடைசி பெஞ்சில் உட்காருவான். பக்கத்துச் சுள்ளிக்கல்காரன், வீட்டில் தமிழ். மூட்டையைத் தள்ளும்போது தன் கால் பின்னால் வழுக்குவதும் இதனால்தானா என்று கேட்டுத் தெரிந்துகொண்டான். பிறகு எழுந்து நின்று சொன்னான்: "டீச்சர் சொல்றது சரியாக்கும். அந்த விதி எழுதின ஆள் இந்தப் படம் பார்த்தா பாதியில எழுந்து போயிருப்பார். நான் ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் போறேன்."

கடற்கரையில் பத்து வினாடி

வேறொரு படத்தில், பிரிந்த காதலர்கள் கடற்கரையில் ஒருவரை நோக்கி ஒருவர் ஓடி வந்தார்கள். மெதுவாக, மெதுவாக, ஒரு பாட்டு முழுக்க ஓடினார்கள். மறுநாள் சார்பு வேகம் எடுக்க எனக்கு அதுவே போதுமாக இருந்தது. இடைவெளி நூறு மீட்டர், ஆளுக்கு வினாடிக்கு ஐந்து மீட்டர், ஆகவே பத்தாவது வினாடியில் சந்தித்தாக வேண்டும் என்று பலகையில் எழுதி அடிக்கோடும் போட்டேன்.

முன் பெஞ்சில் ஸுஹரா இருந்தாள். கல்யாணமான பெண். மாப்பிள்ளை தோஹாவில். என் மாதிரியே அவளும் தபால்காரரின் சைக்கிள் மணிக்குக் காது கொடுத்து வாழ்கிறவள். கணக்கை ஒழுங்காக நோட்டில் எழுதிக்கொண்டாள். எழுதி முடித்துவிட்டுத் தலை நிமிராமல் சொன்னாள்: "ஓடினது பத்து செகண்டுதான் டீச்சரே. அதுக்கு முந்தி அவ காத்து நின்னதை ஆரு கணக்கு பண்ணுவா?"

சத்தம் வந்த திசை

எங்கள் ஜன்னலுக்கு நேரே காயல், அதைத் தாண்டி வெலிங்டன் தீவு. அங்கே இருந்த விமான நிலையத்திலிருந்து பம்பாய் விமானம் கிளம்பினால் வகுப்பு தானாக நின்றுவிடும். என் கணவரும் அப்படித்தான் பம்பாய் போய், அங்கிருந்து கடல் கடந்தார். அன்று நான் படகு ஜெட்டியில் நின்று, விமானம் மேகத்துக்குள் போன பிறகும் இரைச்சல் கேட்ட பக்கமெல்லாம் கையை ஆட்டிக்கொண்டிருந்தேன்.

ஒலியின் வேகம் எடுத்த நாளில் அந்த விமானம் சரியாக வந்து உதவியது. கண்ணை மூடிக்கொண்டு சத்தம் வரும் இடத்தைக் கைகாட்டச் சொன்னேன். கண்ணைத் திறந்து பார்த்தால் எல்லார் விரலுக்கும் ரொம்ப முன்னால் விமானம் போய்க்கொண்டிருந்தது. ஒலி வந்து சேர்வதற்குள் அது நகர்ந்துவிடுகிறது என்றேன். ஸுஹரா கையை மெல்ல மடியில் இறக்கிவைத்தாள். "அப்போ நாம இத்தனை நாள் டாட்டா காட்டினது ஆருக்கு டீச்சரே?"

கனத்த குரல்

ஷார்ஜாவிலிருந்து லீவில் வந்த ஒருவர் கையில் என் கணவர் கேசட் கொடுத்தனுப்பியிருந்தார். டேப் ரெக்கார்டரும் முன்பு அவர் அனுப்பியதுதான். அதன் பிளக்கில் மூன்று தடித்த சதுரக் கால்கள். நம் ஊர் ஓட்டையில் நுழையாது. அதனால் பேட்டரியில்தான் ஓடும். ஏற்கெனவே வந்த கேசட்டுகளை நான் போட்டுப் போட்டுக் கேட்டிருந்தேன்.

புதுக் கேசட்டில் அவர் குரல் கனத்து, இழுத்து, ஒவ்வொரு வார்த்தையும் தூக்க முடியாத சுமை மாதிரி வந்தது. "ப...த்...மா" என்று அவர் கூப்பிட்டார். ஏதோ பெரிய நோவு, மறைக்கிறார் என்றே முடிவு கட்டினேன். அழுதேன். அழுத கையோடு கடிதம் எழுதினேன்: வேலை போனால் போகட்டும், உடனே வாருங்கள், எனக்கு நீங்கள்தான் வேண்டும். போய்த் தபாலிலும் போட்டேன்.

நாலாம் நாள் வகுப்பில், பேய்ப் படத்தில் பேய் ஏன் கட்டைக் குரலில் பேசுகிறது என்று முருகேசன் கேட்டான். பதிவு செய்த குரலை மெதுவாக ஓட்டினால் அதிர்வெண் குறையும், குரல் கனக்கும், இழுக்கும் என்று ஆரம்பித்தேன். "டேப் ரெக்கார்டரில் பேட்டரி தீரும்போது கவனித்துப் பாருங்கள்" என்று என் வாயாலேயே சொல்லிவிட்டு, சாக்பீஸும் கையுமாக அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தேன். ஸுஹரா ஓடிவந்து என்ன என்று கேட்டாள். எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கடைசி பெஞ்சிலிருந்து முருகேசன்தான் பேசினான்: "அப்போ சாருக்கு ஒண்ணுமில்லே டீச்சரே. நாலு பேட்டரி வாங்கிப் போட்டா குணமாயிடும்."

மறு கேசட்

குணமாகிவிட்டார். புதுப் பேட்டரி போட்டதும் அதே கேசட்டில் மனிதர் படபடவென்று பேசினார். அறையில் புதிதாக வந்தவர் வைத்த கோழிக்குழம்பைப் பற்றிச் சொல்லி ஒருதரம் சிரிக்கக்கூடச் செய்தார். சந்தோஷப்பட்டேன், பொய் இல்லை. ஆனால் அந்தக் கனத்த குரலில் என்னை நினைத்து அவர் உருகுவதாகத் தோன்றியதே, அது போய்விட்டது. பழைய பேட்டரிகளை எறிய மனம் வரவில்லை.

கடிதம் போனது போனதுதான். மூன்று வருஷமாக நான் எழுதியதெல்லாம் மாமியாரின் முட்டிவலி, கிணற்றுத் தண்ணீர், ஓடு மாற்றியது, அடுத்து வரும்போது வேண்டிய சாமான்கள். வாருங்கள் என்று எழுதியதே கிடையாது. எழுதினால் அவர் மனம் தளர்ந்துவிடுமே என்ற பயம். முந்தைய கடிதத்தைப் பொருட்படுத்த வேண்டாம் என்று இன்னொன்று எழுதினேன். ஜெட்டிப் பக்கத்துத் தபால்பெட்டிவரை இரண்டு நாள் கொண்டுபோனேன். இரண்டு நாளும் பையிலேயே திரும்பி வந்தது. முதல் கடிதத்தில் பொய் ஒன்றும் இல்லையே!

அடுத்த மாதம் வேறொருவர் கையில் கேசட் வந்தது. கையோடு வாங்கி வந்த புதுப் பேட்டரிகளைப் போட்டுவிட்டுத்தான் கேட்டேன். குரல் கனக்கவில்லை, இழுக்கவில்லை. "பத்மா, உன் லெட்டர் கிடைச்சுது. மூணு வருஷமா எல்லா லெட்டர்லயும் என்ன கொண்டுவரணும்னுதான் இருந்தது, வான்னு நீ இப்போதான் எழுதியிருக்கே. அதுக்காகத்தான் காத்திண்டிருந்தேன். விசாவை கேன்சல் பண்ணிண்டு வரேன்."

தப்பான வழியில் சரியான விடை கண்டவர்களுக்கு நான் ஒருநாளும் மார்க் போட்டதில்லை, எனக்கு மட்டும் அன்று நூற்றுக்கு நூறு போட்டுக்கொண்டேன்.