பக்கத்துப் பட்டறை பாய்

பம்மலில் என் லேத் பட்டறைக்கு அடுத்தது அவருடைய பட்டறை. எல்லாருக்கும் அவர் பாய்தான். நரைத்த தாடியில் எப்போதும் இரும்புத் தூள் மினுங்கும். எவ்வளவு அவசர வேலை இருந்தாலும் வெள்ளிக்கிழமை நண்பகலில் ஷட்டரை இறக்கிவிட்டுத் தொழுகைக்குப் போய்விடுவார். நானோ கிருத்திகை அன்றுகூட மிஷினை நிறுத்தாமல், அமெரிக்காவுக்குப் போகும் இரும்புச் சாமான்களைக் கடைந்துகொண்டிருந்தவன்.

அந்த நாட்டில் நம் இரும்புக்கு வரியை ஏற்றியதும் எனக்கு வேலை நின்றுபோனது. அவருடைய லேத் மட்டும் உள்ளூர் கிரைண்டர்களுக்காகச் சுற்றிக்கொண்டே இருந்தது. அந்தச் சத்தம் கேட்கக் கேட்க எனக்கு வயிறு எரிந்தது. அதுவும் நிற்கட்டும் என்று முருகனிடமே வேண்டிக்கொண்டேன்.

மறுநாள் அவரே வந்தார்.

“இன்னாப்பா, மிஷின் தூங்கினு கீது?”

“அமெரிக்காக்காரன் வரி போட்டுட்டான் பாய். பட்டறைய மூட வேண்டியதுதான்.”

“அவன் போட்டா நீ ஏன் மூட்ற? எனக்கு வர்ற கிரைண்டர் தண்டு வேலைல பாதிய அனுப்புறேன், கடைஞ்சு குடு. வெள்ளிக்கிழமை நான் இல்லாத நேரத்துலயும் வேலை ஓடும்ல?” என்று சிரித்தார்.

வாங்கிக்கொண்டேன். சாயங்காலம் அந்த வேண்டுதலைத் திருப்பி வாங்கத்தான் கோயிலுக்குப் போனேன். சன்னிதியில் நின்றதும், “அந்த மனசை அவருக்குக் குடுத்தியே, எனக்கு ஏன் குடுக்கல முருகா?” என்றுதான் கேட்க வந்தது.