பாதியில் நின்ற நீலச் சட்டை

நாங்கள் புலம்பெயர்ந்து வந்த எடிசன் நகரில், வீட்டுச் சமையலறை மேசையில் மகள் பள்ளிக்கூடத்துக்காக ஒரு ஜெர்மன் நாவல் வாசித்துக்கொண்டிருந்தாள். விரட்டப்பட்ட யூதக் குடும்பத்தின் வீட்டுச் சாமான்களைப் பக்கத்து வீட்டார் அள்ளிப்போகும் கதை. எழுதியவர் அந்தப் பக்கத்து வீட்டுப் பிள்ளையாம்.

"தன்ர அம்மா அப்பாவைப் பற்றியே எழுதியிருக்கிறா. சோ பிரேவ், அம்மா!"

எனக்குத் தையல் மெஷின் எண்ணெய் மணத்தது.

யாழ்ப்பாணத்தில் எங்கள் பக்கத்து வீடு தையல்கார நானாவுடையது. முஸ்லிம் அண்ணர்மாரை அப்படித்தான் கூப்பிடுவோம். முஸ்லிம்கள் எல்லாரும் உடனே ஊரைவிட்டுப் போகவேண்டும் என்று இயக்கம் ஒலிபெருக்கியில் அறிவித்த அன்று, நானா குடும்பம் ஆளுக்கொரு பையோடு நடந்தது. அப்பா கேற்றடியில் நின்று பார்த்தார். பின்னேரம் அம்மா போய் மெஷினைக் கொண்டுவந்தார்.

"விட்டா கள்ளர் தூக்கிக்கொண்டு போயிடுவாங்கள். அவை வந்தாக் குடுப்பம்" என்றார்.

மெஷின் ஊசியில் ஒரு நீலச் சட்டை பாதித் தையலில் நின்றது. நானா தன் மகளுக்கு, என் வகுப்புத் தோழிக்கு, தைத்தது. மீதியை அம்மா தைத்து முடித்தார். பொங்கலுக்கு நான் போட்டேன். யாருடைய சட்டை என்று தெரிந்துதான் கண்ணாடி முன் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். எனக்கு நல்ல அளவு.

இங்கே தமிழ்ச் சங்க மலருக்கு வருடா வருடம் எழுதுகிறேன். எல்லாம் பிறகு போரில் எங்கள் வீடு எரிந்த கதை. அந்த மெஷின் ஒரு வரியிலும் வந்ததில்லை.

மகள் புத்தகத்தை மூடினாள். "பாவம், அந்தப் பிள்ளைக்கு அப்ப ஒண்டும் விளங்கியிருக்காது, ரைட்?"

"விளங்கியிருக்காது பிள்ளை" என்றேன்.