லியோனா கொடுக்காத வாடகை

லியோனா துகே என் வீட்டைச் சூடாக்கும் ரேடியேட்டர் முன்னால் முட்டி போட்டு உட்கார்ந்து பித்தளைச் சாவியைத் திருகிக்கொண்டிருந்தாள். உள்ளே அடைபட்டிருந்த காற்று முதலில் சீறியது. பிறகு துருத் தண்ணீர் துப்பியது. கைப்பிடி உடைந்த காபிக் கோப்பையில் அதைப் பிடித்து, சாவியை இறுக்கி, இரும்பை மேலிருந்து கீழ்வரை தடவிப் பார்த்தாள். குளிர்காலம் தொடங்கும்போது ஒவ்வொரு வீட்டிலும் இதைச் செய்தாக வேண்டும். செய்யாவிட்டால் பாதி இரும்பு சில்லென்று கிடக்கும், வீடு சூடேறாது. அன்று கீழ்த்தளத்தையும் முதல் மாடியையும் முடித்திருந்தாள். மாலையில் நகரமன்றக் கூட்டம் என்பதால் இரண்டாம் மாடியை மறுநாளைக்குத் தள்ளிவைத்தாள்.

"இன்னிக்கு ஏதாவது பேசுவியா?" என்று கேட்டேன்.

"பேசத்தான் டோம் இருக்கானே. ஆளுக்கு மூணு நிமிஷம் குடுப்பாங்களாம். அவனுக்குத் தொண்டையக் கனைக்கவே அது பத்தாது, நர்சம்மா."

டோம் பஸ்காலே பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவன், இரண்டாம் மாடி. நான் நோயாளிகளைக் குளிப்பாட்டி, ஊட்டி, புரட்டிப் படுக்கவைத்துப் பிழைத்தவள். அதனால் இந்தக் கட்டிடத்தில் எனக்குப் பெயர் நர்சம்மா.

லியோனா கியூபெக்கிலிருந்து பதினேழு வயதில் இந்த மாசசூசெட்ஸ் ஆலை ஊருக்கு வந்தவள். நூல் ஆலையில் வேலைக்கு நின்றாள், அர்மானைக் கட்டிக்கொண்டாள். ஆலை மூடியதும் அர்மானுக்கு இந்தக் கட்டிடத்தைப் பார்த்துக்கொள்ளும் வேலை கிடைத்தது. சம்பளம் கொஞ்சம்தான். ஆனால் அடித்தளத்தில், வெந்நீர் காய்ச்சும் பாய்லர் அறைக்குப் பக்கத்தில் குடியிருக்க இடம் கொடுத்தார்கள், வாடகை கிடையாது. அர்மான் நுரையீரல் கெட்டு இறந்தான். கடைசி மாதங்களில் நான்தான் அவனைத் துடைத்துவிட்டேன். அடக்கம் முடிந்த வாரமே லியோனா அவனுடைய சாவிக்கொத்தை இடுப்பில் மாட்டிக்கொண்டாள். கிழவர் கோல்பி, கட்டிடச் சொந்தக்காரர், ஒன்றும் சொல்லவில்லை. அவருக்கு வேலை நடந்தால் போதும். பிள்ளை குட்டி இல்லாத லியோனாவுக்கு அந்த அறையை விட்டால் வேறு போக்கிடம் இல்லை.

கிழவர் போன பிறகு மகன் கோல்பிக்கு வாடகை வாங்கிக் காலம் தள்ளப் பொறுமை இல்லை. வீடுகளைத் தனித்தனியாகப் பத்திரம் போட்டு விற்க நகரமன்றத்தில் அனுமதி கேட்டான். ஊர் முழுக்க அந்த வருஷம் இதே பேச்சுதான். மன்றம் ஒரு விதி வைத்திருந்தது. கட்டிடம் நல்ல நிலையில் இருந்தால்தான் அனுமதி. விற்றாலும் அறுபத்திரண்டு வயதைத் தாண்டிய வாடகைக்காரரைச் சாகும்வரை கிளப்பக்கூடாது. நானும் டோமும் அந்த வயதைத் தாண்டியவர்கள். லியோனாவுக்கு அறுபத்தாறு. அவளும் அந்தக் கணக்கில் வருவாள் என்று எல்லோரும் நினைத்தோம். யாரும் கேட்டுப் பார்க்கவில்லை.

செப்டம்பரில் பாய்லர் ஒழுக ஆரம்பித்தபோது டோம் அவளிடம் சொன்னான்: "கை வைக்காதே. நகரமன்ற இன்ஸ்பெக்டர் வந்து பாக்கட்டும். ஓட்டைக் கட்டிடம்னு எழுதிட்டா கோல்பியால விக்க முடியாது."

"மேல கைக்குழந்தை இருக்கு. குளிர்ல விறைக்கட்டுமா?" என்று கேட்டுவிட்டு அவள் ஒழுகிய இடத்தைச் சரிசெய்தாள். இன்ஸ்பெக்டர் வந்தபோது படிக்கட்டுக் கைப்பிடிகூட ஆடவில்லை.

அன்று மாலைக் கூட்டத்தில் பனிச்சறுக்குக் குளத்துக்கு வேலி போடுவதா வேண்டாமா என்று வெகுநேரம் இழுத்தார்கள். என் இடுப்பு மரத்துப்போனது. ஒருவழியாக எங்கள் கட்டிடம் வந்தது. இன்ஸ்பெக்டர் எழுந்து, இந்த ஊரில் இவ்வளவு ஒழுங்காக வைத்திருக்கும் பழைய கட்டிடத்தைத் தான் பார்த்ததில்லை என்றார். பின்வரிசையில் யாரோ கை தட்டினார்கள். லியோனா மடியிலிருந்த கைப்பையை நேராக வைத்துக்கொண்டாள். டோம் தன் மூன்று நிமிஷத்தையும் கத்தியே தீர்த்தான். சிவப்பு விளக்கு எரிந்ததும் ஒலிவாங்கியை அணைத்துவிட்டார்கள்.

மன்ற உறுப்பினர் மக்கார்டில் அம்மாள்தான் அதைக் கேட்டார். அடித்தளத்தில் ஒருவர் குடியிருப்பதாக இன்ஸ்பெக்டர் சொல்கிறாரே, அவரைப் பற்றிப் பேச்சே இல்லையே என்றார். கோல்பியின் வக்கீல் எழுந்தார். அது வேலையாளுக்குக் கொடுத்த அறை, வாடகைக்கு விட்டது இல்லை, விற்பனைக்குப் பிறகு பராமரிப்பை வெளிக் கம்பெனி பார்த்துக்கொள்ளும் என்றார். நகரமன்ற வக்கீல் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, விதி வாடகைக்காரருக்கு மட்டும்தான் என்றார்.

லியோனாவை ஒலிவாங்கி முன்னால் கூப்பிட்டார்கள்.

"மிசஸ் துகே, எப்பவாவது வாடகை கட்டியிருக்கீங்களா?" என்று கேட்டார் மக்கார்டில் அம்மாள். ஒரு மாதமாவது, ஒரு டாலராவது என்று அவர் எடுத்துக்கொடுப்பதுபோல் இருந்தது.

"இல்லீங்க. வேலைதான் செஞ்சேன்."

"வேற ஏதாவது சொல்ல விரும்பறீங்களா?"

லியோனா யோசித்தாள். "இன்ஸ்பெக்டர் சொன்னது சரிதான். ரெண்டாம் மாடி ரேடியேட்டர்ல மட்டும் காத்து எடுக்கணும். நாளைக்கு எடுத்துடுவேன்."

வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். அனுமதி கொடுக்க ஐந்து கைகள் எழுந்தன, வேண்டாம் என்று இரண்டு. மக்கார்டில் அம்மாளுடையது இரண்டில் ஒன்று. எனக்கும் டோமுக்கும் சாகும்வரை வீடு உறுதியானது. நான் அதற்காகத்தான் போயிருந்தேன். கோட்டை மாட்டிக்கொண்டு எழுந்தேன்.

டோம் காரில் எங்களை வீட்டுக்கு ஓட்டிவந்தான். பாதி வழியில், "நான் அப்பவே சொன்னேன்" என்றான்.

"சொன்னே" என்றாள் லியோனா. பிஸ்கட் தொழிற்சாலையைத் தாண்டும்போது அவள் கார் ஜன்னல் கண்ணாடியை ஏற்றிவிட்டாள்.

மறுநாள் காலை வழக்கமான நேரத்துக்குக் வெந்நீர்க் குழாய்கள் டக் டக்கென்றன, சூடு ஏறியது. நான் ஓட்ஸ் கஞ்சி காய்ச்சி எடுத்துக்கொண்டு கீழே போனேன். படுக்கை மடித்திருந்தது. அவள் ஏற்கெனவே சாவியும் கோப்பையுமாகக் கிளம்பி நின்றாள். முதலில் சாப்பிடு என்றேன். நின்றபடியே பாதி சாப்பிட்டாள். எங்கே போகப் போகிறாய் என்று கேட்டேன். முதியோர் குடியிருப்பில் பெயர் கொடுக்கலாம், இடம் கிடைக்க வருஷக்கணக்கில் ஆகும் என்று அவளே சொன்னாள். என் முன்னறையில் ஒரு கட்டில் போடலாம் என்றேன். உன் குறட்டை பாய்லர் அறைவரைக்கும் கேட்கிறது, பக்கத்திலே வேற படுக்கணுமா என்றாள். சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. கட்டிலுக்கு இடம் வேண்டும், தையல் மிஷினை நகர்த்தணும் என்று மட்டும் நினைத்துக்கொண்டேன்.

இரண்டாம் மாடிக்குப் போனோம். கோப்பையை நான் வாங்கிக்கொண்டேன். டோமின் வீடு கடைசி. அவன் கதவைத் திறந்து வாசலிலேயே நின்றான்.

"இன்னும் எதுக்கு? கோல்பியே வந்து செய்யட்டும்."

"அவனுக்குத் தெரியாது. தள்ளு."

அவன் தள்ளி நின்றான். அவள் முட்டி போட்டாள். காற்று சீறி முடிந்ததும் கோப்பையை நீட்டினேன். துருத் தண்ணீர் விழுந்தது. சாவியை இறுக்கிவிட்டு எழ முயன்றாள், முடியவில்லை. அக்குளில் கை கொடுத்துத் தூக்கி நிறுத்தினேன். அப்படியே மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது.

கோப்பையை டோமின் சமையலறைத் தொட்டியில் கொட்டிக் கழுவினேன்.